நூறு கலங்கள்

ஆறாம் நாள். தட்டின் அடியில்
ஒட்டிக்கொண்டுவிட்டன.
ஒட்டாதவற்றைக் கழுவி ஊற்றியாயிற்று.
நேற்றிரவு இரண்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லை.
அடைகாப்பானைத் திறந்து பார்க்கும் ஆசையை
அதன் கதவிலேயே சாய்ந்து நின்று அடக்கினேன்.
முப்பத்தேழிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியது எண்.
பிறகு ஜெனரேட்டர் இருமிற்று.

இவை பேரின்பராசாவின் கலங்கள்.
மண்முனைப் பாலம் தாண்டி,
கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால்,
வயல் வாடியில் வைத்து எடுத்தேன்.
வக்கடை வெட்டிய கை; நரம்பு தேட வேண்டியிருக்கவில்லை.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி
ஆட்டோவில் எழுவான்கரைக்குத் திரும்பினேன்.
போன மாரியில் அந்தச் சேற்றுக் கிருமிதான்
பதினெட்டு நாள் அவரைக் கட்டிலில் போட்டு எரித்தது.
பக்கத்துக் கட்டில்காரர்,
அதே வட்டை, அதே வயது, அதே சீனி வருத்தம்,
ஒன்பதாம் நாள் போய்விட்டார்.
ஏன் இவர் இருக்கிறார், ஏன் அவர் இல்லை:
இதைக் கண்டுபிடிக்கத்தான் பணம் தந்திருக்கிறார்கள்,
பதினான்கு மாதத்துக்கு.

"கலமெண்டா ஏனம்தானே?" என்று கேட்டார்.
ஓம், நடந்து திரிகிற ஏனம்.
கண்டதை வாரி உள்ளே போட்டுக் கரைக்கும்.
"மறுகா?"
சில வேளை உள்ளே போனது கரையாது.
அங்கேயே குடியிருந்து பெருகும்.
பக்கத்து வீட்டுச் சுவரை உருக்கும், பிறகு அடுத்ததை.
ஒரே தோலுக்குள் பத்துக் கருக்கள் கிடக்கும்.
இதை நான் கண்டது வேறொரு நாட்டில்,
மூன்று கதவுகளுக்கு உள்ளே, இரட்டைக் கையுறையோடு.
இங்கே சூடாக்கிக் கொன்ற கிருமிக்குத்தான் அனுமதி.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"மறுகா?"
அவ்வளவுதான் தெரியும், என்றேன்.

அவருடைய எக்ஸ்றே என் மேசையில் இருக்கிறது.
நெஞ்சுச் சளி தேடி எடுத்த படம்.
இடது தோளில் வெள்ளையாய் ஒரு துண்டு,
நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது.
தொண்ணூறாம் ஆண்டு, என்றார். மேலே பேசவில்லை.
எந்தப் பக்கத்து இரும்பு என்று
படத்தில் தெரிவதில்லை.
அதைச் சுற்றி இருப்பவர்களைத்தான் எனக்குத் தெரியும்.
விழுங்க வந்தார்கள். முடியவில்லை.
திரும்பியும் போகவில்லை.
தங்கள் சுவர்களைக் கலைத்து ஒரே உடலாகி
இரும்பை நடுவில் வைத்துக் குந்தியிருக்கிறார்கள்.
செத்தவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார்,
முப்பத்துச் சொச்சம் வருடமாக,
சம்பளமில்லாத காவல்.
நிர்ப்பீடனம் என்றால் வெல்வது என்றே
முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு
இத்தனை காலமும் படிப்பித்து வந்திருக்கிறேன்.

எட்டாம் நாள் எண்ணினேன்.
பேரின்பராசாவில் நூறு கலம்.
ஒப்பீட்டுக்கு, எங்கள் ஆய்வுகூடத்து மஸீதாவில் நூறு;
ஏறாவூர்க்காரி, வருத்தம் எதுவும் வராதவள்.
விழுங்கியவை அவரில் அறுபத்தொன்று,
அவளில் அறுபத்து மூன்று.
திரும்பவும் எண்ணினேன்.
கண்ணாடித் தகடுகளை இடம் மாற்றி, லேபலை மறைத்து,
மஸீதாவைக் கொண்டும் எண்ணுவித்தேன்.
அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு.
வித்தியாசம் கிடைக்கவில்லையே என்று
மட்டக்களப்பில் கண்கலங்கியவள்
நான் ஒருத்தியாய்த்தான் இருப்பேன்.

பின்னேரம் அவரே அழைத்தார். அங்கே மழை பிடித்துவிட்டதாம்.
நான் கொடுத்த பூட்ஸ்?
"அது சேத்துக்குள்ள புதையுது.
கம்புல கவிட்டு வெச்சிருக்கன், கொக்கு கிட்ட வராது."
வெறுங்காலோடு நிற்கிறார், அதே சேற்றில்.
பேச வாயெடுத்தேன். அதற்குள்,
"மறுகா, என்ட ஏனமெல்லாம் எப்பிடி இருக்கு?"

நல்லாத் தின்னுதுகள், என்றேன்.
மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.
உரத்துச் சொன்னேன்.
மஸீதா திரும்பிப் பார்த்தாள்.